கடல் கடந்து கற்கச் செல்வோர்க்கு
(செங்கற்பட்டில் நம் சங்கத்துக் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரசாயனப் பொறியியல் கற்க அயல்நாடு செல்ல விழையும் நம் இளைஞர் எப்பல்கலைக் கழகத்தைத் தெரிந்தெடுத்தல் தகும் என்பது குறித்துப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாம் தமிழ் கற்பிக்குந் தொழிலினேம். எனினும், காணியை ஒற்றி வைத்தாவது மகனையோ மகளையோ அனுப்பத் துணிந்த பெற்றோர் விண்ணப்பத் தாள்களோடு எம்மை நாடி வருதலின், இதனை ஆராயுங் கடமை எமக்கும் உளதாயிற்று. அவர்கள் முதற்கண் வினவுவது, "எது பெரும் பெயருடையது?" என்பதே. அவ்வினாவை மாற்றிக்கொள்ளல் வேண்டும் என்பதே யாம் கூற வந்தது.

இக்கல்வி யாதெனத் தெளிதல் முதற்கடன். மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலிக் கடற்கரையில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரவல்ல கடல்நீர் நிலையம் 2013இல் தொடங்கப் பெற்றது. 15 கோடி லிட்டர் தரவல்ல மற்றொன்று 2024இல் தொடங்கப் பெற்றது. உப்பும் நீரும் கலத்தல், பிரிதல் ஆகியவற்றின் இயல்பை ஆராய்வது இரசாயன நூல். குடுவையில் நிகழ்வதைக் கோடி லிட்டர்க்கு நிகழ்த்த எத்துணை அழுத்தம் வேண்டும், எவ்வகைச் சவ்வு ஏற்றது, எஞ்சும் மிகையுப்பு நீரை எங்ஙனம் அகற்றுவது, செலவு என்னாகும் எனக் கணக்கிட்டு அமைப்பது இரசாயனப் பொறியியல். பெயரொப்புமையால் மயங்கி, ஒன்றை விரும்பி மற்றொன்றிற் சேர்தல் கூடாது.

ஆதலின், முதலாவது பாடத்திட்டத்தை நோக்குக. வெப்பப் பரிமாற்றம், பாய்மங்களின் ஓட்டம், பொருட்பிரிப்பு, வினைகலன் அமைப்பு, ஆலைக் கட்டுப்பாடு ஆகியவை உளவா? ஓர் ஆலையை முழுதும் வரைந்து கணக்கிடும் பயிற்சி உண்டா?

இரண்டாவது, பட்டத்தின் மதிப்பை நோக்குக. பிரிட்டனில் 1922இல் தோன்றிய இரசாயனப் பொறியாளர் கழகம் பாடங்களை ஆராய்ந்து ஏற்பளிக்கின்றது. அமெரிக்காவில் ஏபெட் என்னும் அமைப்பு, பெரும்பாலும் இளநிலைப் பாடங்கட்கு, அதனைச் செய்கின்றது. பல்கலைக் கழகத்தின் புகழ் வேறு. நாம் சேரும் பாடத்தின் ஏற்பு வேறு.

மூன்றாவது, பொருளும் மொழியும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக் கழகங்களிற் கல்விக் கட்டணமில்லை என்பர். அது பெரும்பாலும் மெய், முற்றும் மெய்யன்று. கார்ல்ஸ்ரூ நகரம் அமைந்த பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் புறத்தேயிருந்து வரும் மாணவர்க்கு 2017இல் அரையாண்டுக்கு 1,500 யூரோ விதித்தது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக் கழகமும் 2024இல் கட்டணம் விதித்தது. அன்றியும், வாழ்க்கைச் செலவுக்கென ஓராண்டுத் தொகையை முன்னரே வைப்பிற் காட்டல் வேண்டும். 2024 செப்டம்பர்க் கணக்கின்படி அது 11,904 யூரோ. இது கட்டணமன்று, மாணவனே திங்கள்தோறும் எடுத்துச் செலவிடும் தன் பணம். இளநிலைப் பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலேயே நடைபெறுவன. ஆங்கிலப் பாடங்கள் முதுநிலையிலேயே மிகுதி.

நான்காவது, அண்டையிலுள்ள ஆலைகள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரம் ராட்டர்டாம் துறைமுகத்துக்கும் அதன் எண்ணெய் ஆலைகட்கும் அணித்தாயுள்ளது. இத்தகைய இடத்திற் கற்போர்க்குத் தொழிற்பயிற்சி பெறும் வாய்ப்பு மிகும்.

இனி எம் கருத்தைக் கூறுவாம். கிண்டியில் அழகப்பச் செட்டியார் கொடையால் 1944இல் தோன்றிய தொழில்நுட்பக் கல்லூரியில் இக்கல்வி உண்டு. 1959இல் தோன்றிய சென்னை ஐ.ஐ.டி.யிலும் உண்டு; நம் மாவட்டத்துக் காலவாக்கத்திலும் உண்டு. இளநிலையை இங்கு முடித்து, தனக்குரிய துறை எதுவெனத் தெளிந்தபின் முதுநிலைக்குக் கடல் கடப்பது நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற நெறி. நான்காண்டுக் கடன் ஈராண்டுக் கடனாய்ச் சுருங்கும். பதினெட்டு வயதில் பிறர் சொற்கேட்டுச் செய்யும் தெரிவை, இருபத்திரண்டில் தானே ஆராய்ந்து செய்யலாம். அயல்நாட்டு அனுமதி விதிகள் இடையில் மாறினும், கையிற் பட்டமும் ஊரிற் காணியும் நிற்கும்.

முன்னரே அயல்நாட்டிற் பயின்று திரும்பிய நம்மவர், சங்கத்துக்கு வந்து தாம் கண்ட செலவையும் இடரையும் மறையாது உரைப்பாராக. பெற்றோர் அவற்றைக் கேட்டபின் பத்திரத்தில் கையொப்பமிடுவாராக.