நிலத்தில் உழைத்த இயந்திரம் வானில் பறக்குமா?



மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களில் உழும் இருசக்கர உழவு இயந்திரத்தை மக்கள் ‘லான்ட்மாஸ்டர்’ என்று அழைப்பதுண்டு. அப்பெயருக்குரிய இயந்திரத்தை 1950ஆம் ஆண்டுகளில் வடிவமைத்தவர், நம் நாட்டுப் பொறியியலாளர் றே விஜேவர்த்தன. 1924இல் பிறந்து 2010இல் மறைந்த அவர், இலகு விமானங்களைத் தாமே அமைத்துப் பறந்தவருமாவார். உழவையும் பறப்பையும் ஒருவரே நாடியதில் வியப்பில்லை. இரண்டுக்கும் உயிர்நாடி, பிஸ்டன் இயந்திரமே.

அவ்வாறாயின், நிலத்தில் ஓடிய பழைய இயந்திரமொன்றைப் புதுக்கி விமானத்தில் பொருத்தலாமா? பொருத்தலாம் என்று காட்டியவர் பலர். அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்தில் பெர்னாட் பீட்டன்போல் என்பவர், 1929இல் ‘போர்ட் ஏ’ மோட்டார் காரின் நாற்பது குதிரைவலு இயந்திரத்தைத் தாம் கட்டிய மரவிமானத்திற் பூட்டிப் பறந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், ஐரோப்பிய ஆர்வலர்கள் வொக்ஸ்வாகன் இயந்திரத்தை நாடினர். அது காற்றினாற் குளிர்வது. ஆகவே நீர்த்தொட்டியின் பாரம் இல்லை.

ஆயினும், பொருத்துதல் வேறு. நம்பிப் பறத்தல் வேறு. சமதரையில் ஓடும் கார், தன் வலுவில் ஒரு சிறு பங்கையே செலவிடுகிறது. விமானமோ, எழும்போது முழு வலுவையும், பறக்கும்போது ஏறக்குறைய முக்காற் பங்கையும் இடைவிடாது கேட்கிறது. வெப்பம் மிகும், வெளியேற்று வால்வுகள் எரியும். மேலும், சுழல்விசிறியின் நுனி ஒலியின் வேகத்தை எட்டினால் இழுவிசை குன்றும். எனவே இயந்திரத்தை மெதுவாகச் சுழல விடவேண்டும்; அன்றேல் வேகங்குறைக்கும் பற்சக்கரம் வேண்டும். விசிறி முன்னே இழுக்கும் விசையைத் தாங்கத் தக்க தாங்கியும் வேண்டும்.

பழைய இயந்திரத்தைப் புதுக்குவோர் அதனை முற்றாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் அளக்கின்றனர். கிராங்குத் தண்டைக் காந்தமாக்கி இரும்புத்தூள் தூவினால், கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பும் கோடாய்த் தெரியும். வெடிப்புள்ள தண்டுக்கு மன்னிப்பில்லை. இயன்றவிடத்து, ஒவ்வோர் உருளைக்கும் இரண்டு தீப்பொறிப் பிளக்குகளைத் தனித்தனி மின்வழியில் அமைக்கின்றனர். ஒன்று தவறினும் மற்றது காக்கும். பின்னர் தரையிலேயே பல மணிநேரம் ஓட்டிச் சோதிக்கின்றனர்.

வாவிக்கரை போன்ற இடத்துக்கு இன்னும் இரு எச்சரிக்கைகள் உண்டு. உப்புக் காற்றில் ஓடாது கிடக்கும் இயந்திரத்தின் உட்புறம் துருப்பிடிக்கும். மற்றது, கேட்போர் நம்ப மறுக்கும் செய்தி: வெயிற் பூமியிலும் காபரேற்றரில் பனிக்கட்டி உறையும்! பெற்றோல் ஆவியாகும்போது காற்றை இருபது பாகை செல்சியசுக்கு மேலும் குளிர்விக்கக்கூடும். காற்றில் ஈரம் மிகுந்து, வலுவைக் குறைத்து இறங்கும் வேளையில், அந்தப் பனி காற்றுவழியை அடைத்து இயந்திரத்தை நிறுத்திவிடும். அதனைத் தவிர்க்கவே, புகைக்குழாயின் சூட்டிற் காய்ந்த காற்றை உள்ளே செலுத்தும் வழியொன்றை அமைக்கின்றனர்.

பட்டறைகளிலே பழைய இயந்திரங்களுக்கு மறுவாழ்வு அளிக்கும் கைகள் நம்மவரிடையே ஏராளம். ஆனால் வயலில் நின்ற இயந்திரத்தை வரப்பில் அமர்ந்து திருத்தலாம். வாவியின் மேல் நின்ற இயந்திரம் அந்த அவகாசத்தைத் தராது. ஆதலால், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரிகள் அனுமதியும் பரிசோதனையும் வேண்டுமென்பது, ஆர்வத்துக்கு இட்ட தடையன்று. பறப்பவன் உயிருக்கும் கீழே வலைவீசும் மீனவன் உயிருக்கும் இட்ட வேலியாகும். கைத்திறனோடு பொறுமையும் சேர்ந்தவனே வானுக்கு உரியவன்.