வீட்டில் டான்ஸ் மியூசிக்: எந்த செட் வாங்கலாம்?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் என்பதால் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பதுண்டு. "மச்சான், வீட்டுல டான்ஸ் மியூசிக் நல்லா சத்தமா கேக்கணும். எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?" அதற்குத்தான் இந்தப் பத்து நிமிடம். பயப்படாதீங்க, போர்டில் இன்டெக்ரேஷன் போட மாட்டேன்.

முதலில் வாட்ஸ். மலிவான செட்டுகளின் அட்டைப்பெட்டியில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பார்கள். அது கண் இமைக்கும் நேரத்து உச்சத்தை வைத்துச் சொல்லும் கணக்கு. நம்ப வேண்டாம். தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட்ஸைக் கேளுங்கள். அதையும் இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதாவது பத்து மடங்கு வாட்ஸ்!

எனவே கடையில் முதலில் கேட்க வேண்டியது ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பதே அது. 87 உள்ள ஸ்பீக்கர் 107 டெசிபல் தர 100 வாட்ஸ் கேட்கும். 97 உள்ளதற்கு 10 வாட்ஸ் போதும். பார்த்தீர்களா, 90 வாட்ஸ் மிச்சம்!

அடுத்தது பேஸ். சிகாகோவில் 1977-ல் திறந்த 'வேர்ஹவுஸ்' கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் வாசித்த இசையிலிருந்துதான் 'ஹவுஸ்' என்ற பெயரே வந்தது. அதன் உயிர் அந்த 'டும்' அடி. நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 முறை, ஓய்வே இல்லாமல் விழும். அதன் பலமெல்லாம் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம். அதே சத்தத்தை 80 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு இறக்கினால், கோன் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். ஒல்லியான ஸ்பீக்கரின் 6 அங்குல கோன் பாவம், என்ன செய்யும்? 12 அங்குலத்துக்கு அதைப்போல நான்கு மடங்கு பரப்பு. அழகு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, பெரிய வூஃபராகப் பாருங்கள். மைக் செட்காரர்கள் வைத்திருப்பது போன்ற 12 அங்குல மேடை ஸ்பீக்கர் ஜோடி ஹாலில் தாராளமாக வேலை செய்யும்.

சின்ன ஆம்பிளிஃபயரை முழுக்கத் திருகாதீர்கள். அலையின் தலை வெட்டுப்பட்டு, ட்வீட்டர்தான் முதலில் கருகும்.

இனி முக்கியமான விஷயம். அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் தொழிலாளர்களுக்குச் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-ல் 1 மணி நேரம், 100-ல் 15 நிமிடம்தான். உள்காதின் மயிர்ச்செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. நமக்கோ வயது முப்பதைத் தாண்டியாச்சு!

அக்கம்பக்கமும் இருக்கிறது. நம் நாட்டின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45. கீழ் வீட்டுப் பாட்டிக்குப் பாட்டு கேட்காது. 'டும்' மட்டும் சுவரைத் தாண்டிப் போகும். பத்து மணிக்கு மேல் பேஸைக் குறைத்துவிடுங்கள்.

அப்புறம் பெரிய ஸ்பீக்கர் எதற்கு என்கிறீர்களா? நாம் வால்யூமைக் கூட்டுவது பெரும்பாலும் நெஞ்சில் தட்டும் அந்த அடிக்காகத்தான். சின்ன ஸ்பீக்கரில் அது கிடைக்காமல் திருகிக்கொண்டே போகிறோம். ஏறுவதோ காதைக் குத்தும் மேல் ஸ்தாயிதான். பெரிய வூஃபர் 90 டெசிபலிலேயே ஆட வைக்கும். பெரிய செட் வாங்குங்கள், அதைப் பாதியில் ஓட்டுங்கள்.

ஸ்பீக்கர் கருகினால் கடையில் மாற்றலாம். காதுக்கு ஸ்பேர் பார்ட் கிடையாது. அடுத்த சந்திப்பிலும் நாம் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்க வேண்டும்.