மழைக்குத் துதி, அறுத்தவனுக்குக் கூலி

(தோட்டத் தொழிலாளர் நன்றியறிதல் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மழைக்காகவும் விளைச்சலுக்காகவும் வேதாகமம் கடவுளைத் துதிக்கும் முறையைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்தார்கள். மழை என்றதும் உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள். அதிகாலையில் மழை பிடித்தால் பட்டை நனைகிறது; பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரமெங்கும் வழிகிறது; மங்கில் மழைநீர் நிரம்புகிறது. நாள்கூலிக் காலத்தில், வெட்டில்லாத நாளில் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் கூலியும் இல்லை. அப்படிப்பட்ட தொழிலாளியிடம் "மழைக்காக ஆண்டவனைத் துதி" என்றால், அவன் எந்த வாயால் துதிப்பான்? இது நியாயமான கேள்வி. வேதத்திலேயே இதற்கு விடையும் இருக்கிறது.

முதலில் அந்தத் தேசத்தைப் பாருங்கள். கானான் நாட்டில் ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை வானம் வறண்டு கிடக்கும். அக்டோபர், நவம்பரில் முன்மாரி வந்தால்தான் காய்ந்த மண் இளகி ஏர் இறங்கும். மார்ச், ஏப்ரலில் பின்மாரி வந்தால்தான் கதிர் முற்றும். இரண்டில் ஒன்று தவறினாலும் பஞ்சந்தான். 1908-ஆம் ஆண்டில் கேசேர் என்ற பழைய நகரில் ஒரு சிறு சுண்ணாம்புக்கல் பலகை கிடைத்தது. ஏறக்குறைய 3,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதில் ராஜாக்களின் பெருமை எழுதப்படவில்லை. விதைக்கும் மாதம், வாற்கோதுமை அறுக்கும் மாதம், கோடைக்கனி பறிக்கும் மாதம் என்று ஆண்டு முழுவதும் செய்யும் வேலைகள்தாம் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த மக்களுக்கு ஆண்டு என்பதே உழைப்பின் வரிசை!

அத்தகைய ஜனங்கள் பாடியதுதான் 65-ஆம் சங்கீதம். உழுத நிலத்தை நனைத்து, மண்கட்டியைக் கரைத்து, பள்ளத்தாக்குகளைத் தானியத்தால் மூடுகிறவர் கடவுள் என்று அது களிகூருகிறது. உபாகமம் 11-ஆம் அதிகாரமோ இன்னும் ஆழமாகப் பேசுகிறது. எகிப்தில் ஜனங்கள் பாடுபட்டுத் தண்ணீர் பாய்ச்சினார்கள். கானானோ வானத்து மழையைக் குடிக்கும் தேசம் என்கிறது. இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் ராஜா காவல் போடலாம். வானத்துக்குக் காவல் போட எவனாலும் முடியாது. மழை எந்த முதலாளியின் சொத்தும் அல்ல.

மழை பொதுவென்றால், அதனால் விளைந்த விளைச்சலில் உழைத்தவனுக்குப் பங்கு இல்லாமல் போகுமா? போகாது என்று வேதம் சட்டமே எழுதிவைத்தது. வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்கிறது லேவியராகமம். அந்த வழக்கத்தால்தான் மோவாபியப் பெண்ணாகிய ரூத், வாற்கோதுமை அறுப்பிலே கதிர் பொறுக்கித் தன் மாமியாரைக் காப்பாற்றினாள். அறுப்புப் பண்டிகையில் வேலைக்காரனும் வேலைக்காரியும், விதவையும், திக்கற்ற பிள்ளையும் கூடவே உட்கார்ந்து மகிழ வேண்டும் என்கிறது உபாகமம். முதற்கனியைக் கூடையில் கொண்டுவருகிறவன், தன் முன்னோர் எகிப்தில் அடிமைப்பட்டதைச் சொல்லிய பிறகே அதைப் படைக்க வேண்டும். துதிக்கு முன்னே பட்டபாட்டை நினைவுகூரச் சொல்லும் வழிபாடு அது!

கூலியைப் பற்றியும் உபாகமம் 24-ஆம் அதிகாரம் தெளிவாகச் சொல்கிறது. ஏழைக் கூலியாள் சொந்த ஜனமானாலும் சரி, அந்நியனானாலும் சரி, அன்றன்றைய கூலியைச் சூரியன் அஸ்தமிக்குமுன் கொடுத்துவிட வேண்டும். அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கடவுளிடம் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதினார். ஆலயத்தில் எழும்பும் துதி ஒரு பக்கம், வயலில் எழும்பும் கூக்குரல் ஒரு பக்கம் இருந்தால், ஆண்டவன் செவி எந்தப் பக்கம் சாயும்? நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே தோழர்களே, மழையை வையாதீர்கள். மரத்துக்கு உயிர் மழை. மழை இல்லாவிட்டால் பாலும் இல்லை. மழைநாளைப் பட்டினி நாளாக்கியது வானம் அல்ல; மனிதன் வகுத்த கூலிமுறை. மனிதன் வகுத்ததை மனிதனே மாற்றலாம். மலேசியாவில் 2013 ஜனவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பள விதி அமலுக்கு வந்தது. தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்று அப்போது நிர்ணயித்தார்கள். அதற்கு முன்னே பல தலைமுறைத் தோட்டத் தொழிலாளர் சங்கங்களில் கூடி, மாதச் சம்பளம் வேண்டுமென்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேட்டவர்கள் நன்றி கெட்டவர்கள் அல்லர்; துதியின் மறுபாதியை நிறைவேற்றியவர்கள்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. இன்று நம் பக்கத்து நிரையில் உளி பிடிப்பவர் இந்தோனேசியராக இருக்கலாம், வங்காளதேசத்தவராக இருக்கலாம். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தபோது அவர்களும் அந்நியர்தாமே! கிராணிமார்களே, அவர்கள் பேரும் எடையும் உங்கள் புத்தகத்தில் சரியாக ஏறட்டும். அதுவும் வழிபாடே.

நாம் எம்மதத்தாராயினும் மழை நம் எல்லார் கூரையிலும் ஒன்றாகவே பெய்கிறது. விளைச்சலும் அவ்வாறே எல்லார் வீட்டிலும் வந்து சேரட்டும். அதுவரை துதியும் ஓயாது, சங்கத்தின் பணியும் ஓயாது.