வீட்டிலிருந்தே பொருளாதாரப் புள்ளிவிவரம் – ஒரு திருத்தத்துடன்

(கொல்கத்தா அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எகனாமிக்ஸ் படிக்கும் நம் குழந்தைகளுக்கு இன்டர்நெட்டில் என்னென்ன கிடைக்கும் என்று பேசச் சொன்னார் காரியதரிசி. அதற்கு முன் ஒரு பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன்.

சென்ற கூட்டத்தில் இதே இடத்தில் நின்றுகொண்டு, "2011-12ல் கிராமத்தில் தலைக்கு மாதச் செலவு 1,430 ரூபாய். 2022-23ல் 3,773 ரூபாய். பதினோரு வருஷத்தில் இரண்டரை மடங்குக்கு மேல்!" என்று அடித்துச் சொன்னேன். நீங்களும் கைதட்டினீர்கள். பிறகு எலுமிச்சை சாதத் தட்டோடு நிற்கும்போது, கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் ஒரு பெண் பக்கத்தில் வந்து, "மாமா, அது அந்தந்த வருஷத்து ரூபாய்க் கணக்கு. விலைவாசியைக் கழிக்கணுமே?" என்றாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அரசு அறிக்கையிலேயே போட்டிருக்கிறது. 2011-12 விலையில் பார்த்தால் அந்த 3,773 வெறும் 2,008தான். உயர்வு சுமார் 40 சதவீதம். நகரத்தில் 2,630லிருந்து 3,510. அது இன்னும் குறைவு. ஆயுள் முழுக்க சர்க்கார் ஃபைல் பார்த்தவன், இரண்டு பக்கம் தள்ளிப் புரட்டவில்லை! அந்தப் பெண் இன்று வரவில்லை, பரீட்சையாம். அவள் அப்பா இங்கே இருக்கிறார், சொல்லிவிடுங்கள்.

எண்கள் கிடைப்பது இன்று கஷ்டமே இல்லை. எழுபதுகளில் தேயிலை, சணல் ஏற்றுமதி விவரம் ஒன்று வேண்டுமென்றால், ராஷ்பிகாரி அவென்யூவில் டிராம் பிடித்து கவுன்சில் ஹவுஸ் தெருவுக்குப் போக வேண்டும். மத்திய அரசின் வாணிபப் புள்ளியியல் அலுவலகத்து நூலகம் அங்கே இருந்தது. தடித்தடியான புத்தகங்கள். பென்சிலால் நோட்டில் எழுதிக்கொண்டு வர ஒரு நாள் போய்விடும். பழைய விவரமென்றால் அலிப்பூர் தேசிய நூலகம்.

இப்போது மத்திய புள்ளியியல் அமைச்சகம் 'இ-சாங்க்யிகி' என்ற தளத்தைத் திறந்திருக்கிறது. 2024 ஜூன் 29 அன்று, புள்ளியியல் தினத்தில் ஆரம்பித்தார்கள். விலைவாசிக் குறியீடு, தொழில் உற்பத்தி, தேசிய வருமானம் எல்லாம் அதில் உண்டு. ரிசர்வ் வங்கியின் தளத்தில் வங்கி, அன்னியச் செலாவணி, மாநிலங்களின் பட்ஜெட் விவரங்கள் இருக்கின்றன. வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு வேண்டுமானால், சிகாகோ பல்கலைக்கழகம் பிரிட்டிஷ் இந்தியாவின் பழைய புள்ளிவிவரத் தொகுப்புகளை ஏற்றி வைத்திருக்கிறது. நம்முடைய கணக்குக்கு சிகாகோ! பாடம் புரியாதவர்கள் முதலில் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களை இறக்கிக்கொள்ளட்டும். பிளஸ் டூ பாடம்தானே என்று அலட்சியம் வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாக நினைப்பது மாதிரி ஆய்வின் மூல விவரம். அச்சிட்ட அட்டவணை அல்ல. ஒவ்வொரு குடும்பமும் கொடுத்த பதில், பெயர் விலாசம் நீக்கப்பட்டு, அப்படியே கிடைக்கிறது. 2022-23 ஆய்வில் 2,61,746 குடும்பங்கள். பதிவு செய்துகொண்டால் இலவசம். இந்த ஆய்வு பிறந்தது நம் ஊரில் என்பது பலருக்குத் தெரியாது. பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக இருந்த மகலனோபிஸ் 1931ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை ஆரம்பித்தார். 1950ல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியதும் அவர் முயற்சியால்தான். கழகம் இன்றும் பாரக்பூர் டிரங்க் சாலையில், பராநகரில் இருக்கிறது. சென்னையிலிருந்து வந்த வரதன், ஏபல் பரிசு பெற்றவர், 1963ல் டாக்டர் பட்டம் வாங்கியதும் அங்கேதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பி.எஸ்ஸி. பௌதிகம். ஸ்குரூ கேஜைக் கையில் எடுத்தால் முதலில் ஜீரோ எர்ரர் பார்க்க வேண்டும். பார்க்காமல் எடுத்த ரீடிங்கை எங்கள் வாத்தியார் ரெக்கார்டில் சிவப்பு மையால் அடித்துவிடுவார். புள்ளிவிவரத்திலும் அப்படி ஒன்று உண்டு: கேட்ட கேள்வி என்ன என்பது.

"போன 30 நாளில் எவ்வளவு எண்ணெய் செலவானது?" என்று கேட்டால் ஒரு பதில் வரும். "போன 7 நாளில்?" என்று கேட்டு அதை மாதத்துக்குப் பெருக்கினால், பெரும்பாலும் அதைவிட அதிகமாக வரும். என் மனைவியிடமே கேட்டுப் பார்த்தேன். மாதக் கணக்கில் ஒரு லிட்டர் காணாமல் போனது! இதை 1950களிலேயே இங்கே சோதித்துப் பார்த்து, 30 நாள் கேள்வியை வைத்துக்கொண்டார்கள். 1999-2000ல் ஒரே படிவத்தில் 7 நாள், 30 நாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டார்கள். ஒரு பதில் மற்றதை இழுத்துவிட்டது என்று பொருளாதார நிபுணர்கள் ஆட்சேபித்தார்கள். 1993-94ல் 36 சதவீதமாக இருந்த ஏழ்மை 26.1 ஆகிவிட்டது என்ற கணக்கு, அந்தப் படிவத்தால் பல வருஷம் சர்ச்சையில் கிடந்தது. எத்தனை கோடிப் பேர் ஏழை என்பது ஒரு படிவத்தின் இரண்டு கட்டங்களில் தொங்கியது. ரேஷன் யாருக்கு என்பதும் அந்த மாதிரி எண்ணிலிருந்துதான் வருகிறது. நமக்கு அது பேச்சு, அவர்களுக்கு அரிசி.

ஆகவே என் திருத்தத்துக்கும் ஒரு திருத்தம் உண்டு. முன்பு ஒரே தடவை வீட்டுக்கு வந்து எல்லாம் கேட்டார்கள். 2022-23ல் உணவு, மற்ற செலவு, நீண்டநாள் சாமான் என்று மூன்று படிவம், மூன்று தடவை வந்தார்கள். பொருள்களின் பட்டியலும் நீண்டது. நடுவில் 2017-18ல் எடுத்த ஆய்வை, தரம் சரியில்லை என்று 2019 நவம்பரில் அமைச்சகம் வெளியிடாமல் விட்டுவிட்டது. எனவே அந்த 40 சதவீதத்தில் எவ்வளவு வாழ்க்கை உயர்வு, எவ்வளவு படிவ மாற்றம் என்பதை என்னால் பிரிக்க முடியாது. தமிழ்நாட்டு கிராமத்தில் 5,310, மேற்கு வங்க கிராமத்தில் 3,239 என்பதை வைத்து அடுத்த கல்யாணத்தில் சண்டை போட நினைப்பவர்களும், இரண்டு ஊர் விலையையும் விசாரித்துவிட்டுப் போடவும்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருக்கிறேன், கம்ப்யூட்டரும் சும்மா இருக்கிறது. குழந்தைகள் வரலாம். வரும்போது ஆய்வுப் படிவத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வரட்டும். என் பிரிண்டரில் மை இல்லை.