கொள்ளைநோய்க் காலத்தில் குழந்தைகளின் படிப்பு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

அடியேன் கல்வித் துறையைச் சேர்ந்தவன் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இந்த டில்லி மாநகரில் ரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருப்பவன். கொரோனாக் காலத்தில் இந்நகரத்துப் பள்ளிகள் நடந்த விதத்தை ஒரு தகப்பன் என்ற முறையில் எடுத்துச் சொல்லவேண்டும் என்று நம் காரியதரிசி பணித்தார். சபையில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள், பிழையிருப்பின் பொறுத்தருள்க.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. அம்மாதம் 22ஆம் தேதி பயணி வண்டிகளும் நின்றன. ஆயினும் மருந்தும் உணவுப் பொருளும் ஊர்போய்ச் சேரவேண்டும் அல்லவா? சில நாட்களில் பார்சல் சிறப்பு வண்டிகள் ஓடத் தொடங்கின. நானும் வேலைக்குப் போனேன். என் மகள் அவ்வாண்டு ஒன்பதாம் வகுப்பு. மகன் முதல் வகுப்பு. வீட்டில் இருந்தது ஒரே ஒரு கைபேசி. இருவருக்கும் காலை ஒன்பது மணிக்கே வகுப்பு. ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டிகள் வந்தால் என்ன செய்வோம்? மெயிலுக்கு வழிவிட்டு, பாசஞ்சரை லூப் லைனில் நிறுத்துவோம். அதையே வீட்டிலும் செய்தேன். அடுத்த ஆண்டு அவளுக்குப் பொதுத் தேர்வு என்பதால் கைபேசி அவளிடம் போயிற்று. சின்னவன்தானே, பிறகு படித்துக்கொள்வான் என்று எண்ணினேன்.

டில்லி அரசுப் பள்ளிகள் நாள்தோறும் பயிற்சித் தாள்களை வாட்ஸப் மூலம் அனுப்பின. கைபேசி இல்லாத வீட்டார் வாரம் ஒருமுறை பள்ளிக்குச் சென்று தாளாகவே பெற்றுவரலாம் என்றும் ஏற்பாடு செய்தனர். எங்கள் தெருவில் இஸ்திரி போடுபவர் தவறாமல் சென்று அத்தாள்களை வாங்கிவந்ததை நான் கண்டிருக்கிறேன். தொலைக்காட்சியிலும் வகுப்புக்கு ஓர் அலைவரிசை என்று மத்திய அரசு பாடங்களை ஒளிபரப்பியது.

பள்ளி மூடிய காலத்தில் வீட்டிலிருந்தே பாடங் கேட்பது இக்காலத்துப் புதுமை என்று நாம் நினைத்தோம். 1937 செப்டம்பரில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, பள்ளிகளைத் திறக்காமல், ஆறு வானொலி நிலையங்கள் வழியாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பாடம் சொன்னார்கள். பாட விவரம் அன்றன்று செய்தித்தாளில் வெளியாயிற்று. ஐயங்களைக் கேட்கும் பெற்றோருக்குப் பதில் சொல்ல ஆசிரியைகள் தொலைபேசியருகே அமர்ந்திருந்தார்களாம். சிகாகோவில் அது சில வாரங்களில் முடிந்துவிட்டது. நமக்கோ இரண்டு ஆண்டுகள்.

மகளின் வகுப்பு 2021 பிப்ரவரியில் திறந்து, ஏப்ரலில் மறுபடியும் மூடி, செப்டம்பரில் திறந்தது. சிறுவர்களுக்கு அவ்வாண்டு நவம்பர் முதல் தேதிதான் கதவு திறந்தது. அதுவும் ஒரு நேரத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு மேல் கூடாது. பெற்றோர் கையொப்பமிட்ட சம்மதக் கடிதம் வேண்டும். விரும்பாதவர் வீட்டிலிருந்தே கேட்கலாம் என்று விதி. புத்தகத்தையோ சாப்பாட்டையோ பங்கிட்டுக்கொள்ளக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். அந்த ஆசிரியைகளின் நிலையை எண்ணிப்பாருங்கள். மேசைமேல் கைபேசியை நிறுத்திவைத்து, எதிரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கோ இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே குரலில் பாடம் சொல்லவேண்டும். அவர்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் வீட்டிலிருப்பவனுக்குக் குரல் கேட்காது. கைபேசிப் பக்கம் குனிந்தால் கடைசி பெஞ்சில் கலவரம் எழும். இரட்டை வேலைக்கு இரட்டைச் சம்பளம் தந்தார்களா என்று நான் கேட்கவில்லை. தரவில்லை என்று எனக்கே தெரியும்.

அந்தச் சம்மதக் கடிதத்தில் நான் கையொப்பம் இடவில்லை. வீட்டில் எழுபத்தெட்டு வயதான என் தாயார் இருந்தார், மூச்சிரைப்பு உள்ளவர். அவ்வாண்டு ஏப்ரல், மே மாதங்களில் இந்நகரம் பிராணவாயுவுக்குத் தவித்ததை இங்குள்ள யார்தாம் மறப்பார்கள்? என் மனைவி பிள்ளையை அனுப்பலாம் என்றாள். தாயாரும், "என்னைச் சாக்கிட்டுக் குழந்தையைக் கட்டிப்போடாதேடா" என்றார். நான் கேட்கவில்லை. இரண்டு வாரங்களில் காற்று மாசு என்று பள்ளிகளை மூடினார்கள், திறந்தார்கள், மீண்டும் மூடினார்கள். பார்த்தீர்களா, நான் சொன்னது சரியாயிற்று என்று அப்போது பெருமைப்பட்டுக்கொண்டேன்.

2022 பிப்ரவரி 14ஆம் தேதி சிறு வகுப்புகள் மறுபடி திறந்தபோதுதான் கையொப்பமிட்டேன். 2020இல் தைத்த சீருடை அவனுக்குத் தோளில் ஏறவில்லை. இரண்டாம் வகுப்பு முடியும் தறுவாயில் என் மகன் முதன்முறையாகப் பள்ளி வாயிலை மிதித்தான். முகமூடி அணிந்திருந்ததால் ஆசிரியைக்கு ஆள் தெரியவில்லை. வணக்கம் சொன்ன குரலைக் கேட்டுத்தான், "நீயா?" என்றாராம்.

ஒரு மாதம் சென்று அவனது தமிழ் நோட்டைப் பார்த்தேன். எழுத்துகள் உருவத்தில் சரியாகவே இருந்தன. எழுதும்பொழுது கவனித்தேன், ழகரத்தைக் கீழிருந்து மேலாக, படம் வரைவதுபோல் வரைந்தான். கண்ணாடித் திரையில் முடிந்த எழுத்தையே கண்டவன் அவன். கை போகும் வழியை ஒருவரும் அவன் விரலைப் பிடித்துக் காட்டவில்லை. நான் காட்டியிருக்கலாம். இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பிய எனக்கு அது தோன்றவில்லை. கணக்கும் ஆங்கிலமும் பள்ளியில் பிறகு ஈடாகிவிட்டன. டில்லியில் தமிழுக்குப் பள்ளியை விட்டால் வீடு. வீட்டை விட்டால் இந்தச் சங்கம். இன்று ஆறாம் வகுப்புப் படிக்கிறான். தமிழ்ப் பாடத்தை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். அவன் வயதுப் பிள்ளைகள் நம் உறுப்பினர் வீடுகளில் பலர் இருக்கிறார்கள் என்பதை விசாரித்து அறிந்தேன்.

நம் சங்க நூலகம் ஞாயிறு காலையில் பூட்டியே கிடக்கிறது. ஓய்வுபெற்ற பெரியவர்கள் சிலர், ஆளுக்கு மூன்று பிள்ளைகளை மட்டும் அருகில் உட்காரவைத்து, ஒரு மணி நேரம் வாசிக்கவும் எழுதவும் பழக்குவதாயின், சாவியை வாங்கித் திறந்துவைத்து, பாய் விரித்து, தேநீர் போடும் பொறுப்பை நான் ஏற்கிறேன். பெயர் கொடுக்க விரும்புவோர் விழா முடிந்ததும் வாயிலருகே என்னைக் காணலாம். நோட்டும் பேனாவும் கொண்டுவந்திருக்கிறேன்.