கும்பினிக்காகத் தூது போன பாதிரியார்

1782 ஏப்ரலில் அமெரிக்காவின் டெலவேர் வளைகுடாவில் ஒரு கடற்சண்டை நடந்தது. பென்சில்வேனியா மாநிலத்தாரின் சிறிய போர்க்கப்பல் ஒன்று, தன்னைவிட வலுவான பிரிட்டிஷ் கப்பலான 'ஜெனரல் மங்க்'கை அரை மணி நேரத்துக்குள் மடக்கிப் பிடித்தது. வென்ற கப்பலின் பெயர் 'ஹைதர் அலி'. மைசூரை ஆண்ட, லால்பாக்கில் தோட்டம் போட்ட, பெங்களூரின் மண்கோட்டையைக் கல்கோட்டையாக மாற்றிய அதே ஹைதர் அலிதான். ஆங்கிலேயரை எதிர்த்து நிற்கும் ஓர் அரசன் கீழ்த்திசையில் இருக்கிறான் என்ற செய்தியே அந்த நாட்டு விடுதலைப் போராளிகளுக்கு உற்சாகம் தந்தது.

அங்கே எல்லோரும் போராளிகள் அல்லர். ஆங்கிலிக்கன் சபைக் குருமார் பலர் இங்கிலாந்து அரசர் பக்கம் நின்றார்கள். குருப்பட்டம் பெறும்போதே அரசருக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்தவர்கள் அவர்கள். அரசருக்காக ஜெபிக்காதே என்று ஊரார் மிரட்டியபோது பலர் கோயிலைப் பூட்டினார்கள், சிலர் கப்பலேறினார்கள், வேறு சிலர் பேனாவை எடுத்தார்கள். நியூயார்க்கை அடுத்த வெஸ்ட்செஸ்டரில் ஊழியம் செய்த சாமுவேல் சீபரி, 1774-இல் ஒரு குடியானவன் எழுதுவதுபோல் புனைபெயரில் துண்டுப் பிரசுரங்கள் வெளியிட்டார். அதற்குச் சுடச்சுட மறுப்பு எழுதியவர் அப்போது கல்லூரி மாணவராக இருந்த அலெக்சாண்டர் ஹாமில்டன். மேரிலாந்தின் ஜோனதன் பௌச்சர் இன்னும் ஒரு படி மேலே போனார். குண்டு நிரப்பிய இரண்டு துப்பாக்கிகளைப் பிரசங்க மேடையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பிரசங்கித்தார். 1775-இல் நாட்டைவிட்டே வெளியேறினார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பிரசங்கங்களைப் புத்தகமாக்கியபோது அதைக் காணிக்கையாக்கியது யாருக்கு என்கிறீர்கள்? ஜார்ஜ் வாஷிங்டனுக்கு! வாஷிங்டனின் மனைவியுடைய முதல் மணத்து மகனுக்கு ஒரு காலத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவர் பௌச்சர்.

இவர்களின் எழுத்தை வரலாறு தோற்றவர் கட்சி என்று ஓரமாக வைத்துவிட்டது. அதே ஆண்டுகளில் தென்னிந்தியாவில் இருந்த ஒரு ராஜவிசுவாசப் பாதிரியாரின் கட்சி வென்றது. அவருக்குப் பளிங்குச் சிலை கிடைத்தது. அதனாலேயே அவர் எழுதியதை யாரும் ஊன்றிப் படிக்கவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. அவர்தான் தஞ்சாவூர்க்காரர்கள் சுவார்ட்ஸ் ஐயர் என்று அழைத்த கிறிஸ்டியன் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ்.

சுவார்ட்ஸ் ஆங்கிலேயரும் அல்லர், ஆங்கிலிக்கன் குருவும் அல்லர். 1726-இல் பிரஷ்யாவின் சோனன்பர்க்கில் பிறந்த லுத்தரன். ஹாலே நகரில் படிக்கும்போதே தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டு 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். பிறகு திருச்சிராப்பள்ளியில் ஊழியம். 1760-களின் பிற்பகுதியில் லண்டனில் இருந்த ஆங்கிலிக்கன் அமைப்பான எஸ்.பி.சி.கே. சங்கத்தின் ஊழியரானார். திருச்சிக் கோட்டைப் படைக்குக் குருவாகவும் இருந்ததால் கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், சம்பளம் வந்தது. ஜெர்மன் பிறப்பு, டேனிஷ் மிஷன், ஆங்கிலச் சம்பளம், தமிழ்ச் சபை என்று ஒரே ஆளுக்குள் நான்கு நாடுகள். எந்த அரசுக்கு விசுவாசம் என்று கேட்டால் அவர் தயங்காமல் கும்பினி அரசைச் சொல்லியிருப்பார். சோறு போட்டவர்களுக்கு நன்றி என்பது அவர் கணக்கு.

அந்த நன்றிதான் அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது. 1779-இல் சென்னை கவர்னராக இருந்த சர் தாமஸ் ரம்போல்டு அவரை அழைத்து, ஹைதரிடம் போய்க் கும்பினியின் சமாதான எண்ணத்தை எடுத்துச் சொல்லச் சொன்னார். ஏன் ஒப்புக்கொண்டார் என்பதற்குச் சுவார்ட்ஸ் மூன்று காரணங்களைக் குறித்து வைத்திருக்கிறார்: ரத்தம் சிந்துவதைத் தடுக்கலாம், போகிற வழியில் போதிக்கலாம், அரசு தனக்குச் செய்த நன்மைக்குக் கைம்மாறு செய்யலாம். கூடவே ஓர் உறுதியும் எடுத்துக்கொண்டார். பரிசு என்று எதையும் கையால் தொடுவதில்லை. அன்றைய சென்னையில் கவர்னரிலிருந்து குமாஸ்தா வரை கை நீட்டாதவரைத் தேட வேண்டிய நிலை. அந்த நிலையில் இந்த உறுதியே ஒரு விமர்சனம்.

கரூர், சத்தியமங்கலம், கஜலட்டிக் கணவாய் வழியாக ஏறி ஆகஸ்டில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடைந்தார். அங்கே அவர் எழுதிய குறிப்புகள்தான் இந்தச் சொற்பொழிவின் மையம். போர்க்கால எழுத்தில் எதிரி அரக்கனாக வருவது வழக்கம். சுவார்ட்ஸின் ஹைதர் ஓய்வில்லாமல் வேலை செய்யும் ஒரு நிர்வாகி. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வந்த கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, பதிலைச் சொல்லி எழுதவைத்து, எழுதியது சொன்னதுதானா என்று வேறொருவரைப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தார். பல வேலைகளை ஒரே நேரத்தில் பார்த்தார். யார் எந்த மதம் என்பதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை என்று ஒரு பாதிரியாரே எழுதுகிறார். அதில் குறைசொல்லும் தொனியும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை.

இருட்டுப் பக்கத்தையும் அவர் மறைக்கவில்லை. சவுக்கோடு காத்து நிற்கும் ஆட்கள், அடி விழாத நாள் இல்லை, வரி வசூலிப்பவருக்கும் குதிரைக்காரனுக்கும் சொந்தப் பிள்ளைகளுக்கும் ஒரே சவுக்கு. அதிகாரிகள் நடுங்கிக்கொண்டே வேலை செய்கிறார்கள். இதை எழுதிய அதே கை, ஹைதர் அநாதைப் பையன்களைச் சேர்த்து உணவும் உடையும் தந்து வளர்ப்பதையும் எழுதுகிறது. தர்பாரில் தன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசியதையும், ஹைதரின் படையிலிருந்த ஜெர்மானியருக்குத் தன் கூடாரத்தில் ஆராதனை நடத்தியபோது யாரும் தடுக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறது. மைசூர் அரசைக் கொடுங்கோல் என்றோ பொற்காலம் என்றோ ஒரே சொல்லில் முடிக்க விரும்புகிறவர்களுக்கு இந்தக் குறிப்புகள் உதவா.

தூது தோற்றது. தோற்கும்படிதான் அது அமைக்கப்பட்டிருந்தது. ஹைதரின் பாதுகாப்பில் இருந்த பிரெஞ்சுத் துறைமுகமான மாஹேயைக் கும்பினிப் படை அந்த ஆண்டு மார்ச்சிலேயே பிடித்திருந்தது. சுவார்ட்ஸ் சமாதானம் பேசப் போன அதே காலத்தில், குண்டூருக்குப் போகும் ஒரு படை ஹைதரின் கடப்பை நாட்டு வழியாக அனுமதி கேட்காமலே அனுப்பப்பட்டது. நல்ல மனிதரின் நற்பெயரைத் திரைச்சீலையாகக் கட்டிக்கொண்டு பின்னால் வேறு வேலை நடந்தது. விடைபெறும்போது ஹைதர் வழிச்செலவுக்கு என்று 300 ரூபாய் கொடுத்தார். மறுக்க முடியாமல் வாங்கிய சுவார்ட்ஸ் அதைச் சென்னை அரசிடம் ஒப்படைத்தார். அரசு வேண்டாம் என்றதும் தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளிக்கு அதை முதலாக வைத்தார்.

மறு ஆண்டு ஜூலையில் ஹைதரின் படை ஆற்காட்டுச் சமவெளியில் இறங்கியது. செப்டம்பரில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. ஊர்கள் எரிந்துகொண்டிருந்தபோதும் இந்தப் பாதிரியாரைத் தடுக்கக் கூடாது என்று ஹைதர் தன் அதிகாரிகளுக்குச் சொல்லியிருந்தார். ரம்போல்டோ அதற்கு முன்பே கப்பலேறி, லண்டனில் நாடாளுமன்ற விசாரணைக்கு ஆளானார்.

சுவார்ட்ஸின் இன்னொரு முக்கிய எழுத்து 1794-இல் வந்தது. கவர்னர் ஆர்ச்சிபால்டு காம்பெலின் தனிச் செயலாளராகச் சென்னையில் இருந்த மாண்ட்காமரி காம்பெல் என்பவர், இந்தியாவுக்கு மிஷனரிகளே வேண்டாம் என்று லண்டனில் பேசினார். திருட்டைக் கண்டித்துச் சுவார்ட்ஸ் பிரசங்கம் செய்தபோதே அவருடைய கழுத்துப்பட்டைத் தங்கக் கொக்கியைக் கிறிஸ்தவர்கள் திருடிவிட்டார்கள் என்று ஒரு கதையும் சொன்னார். செய்தித்தாளில் இதைப் படித்த கிழவர் பதில் எழுதினார். கொக்கி போனது உண்மை, அது தங்கமில்லை, அந்தக் கிராமத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பமும் இல்லை. சீபரியின் பிரசுரங்களுக்கு இணையான வாதத்திறமை இதில் இருக்கிறது, வசவு மட்டும் இல்லை.

அதற்குமேல் அந்தக் கடிதம் எடுத்துவைக்கும் சாட்சி கும்பினிக்கே சங்கடமானது. போர்க்காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் பட்டினி. வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, கொண்டுவர மாடு இல்லை. முன்பு மாடு கொடுத்தவர்களுக்குக் கூலி கிடைக்காததால் இம்முறை யாரும் வரவில்லை. நம் இருவருக்குமே நாணயம் போய்விட்டது, சுவார்ட்ஸை நம்புவார்களா பார்ப்போம் என்று தஞ்சை மன்னர் துளஜா மகாராஜா கும்பினி அதிகாரி ஒருவரிடம் சொன்னாராம். சுவார்ட்ஸ் வாக்குக் கொடுத்ததும் இரண்டொரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன, 80,000 கலம் நெல் கோட்டைக்குள் போயிற்று. பிறகு, வரிக்கொடுமை தாங்காமல் ஓடிப்போன குடியானவர்களில் 7,000 பேர் அவர் சொல்லை நம்பித் திரும்பி வந்து உழுதார்கள். மிஷனரியால் அரசுக்கு லாபம் என்று நிரூபிக்கவே இதையெல்லாம் எழுதினார். ஆனால் படிப்பவர் கண்ணில் படுவது வேறு: அரசனையும் நம்பாத, கும்பினியையும் நம்பாத ஒரு நாடு.

இங்கே அவரை விமர்சிக்கவும் இடம் உண்டு. நம்பிக்கை ஏன் போயிற்று என்ற கேள்வியை அவர் கும்பினியிடம் உரக்கக் கேட்கவில்லை. பௌச்சர் தன் கட்சிக்காகத் துப்பாக்கியோடு நின்றார். சுவார்ட்ஸ் தன் கட்சியின் குற்றங்களுக்குத் தன் நேர்மையால் ஒட்டுப்போட்டுக்கொண்டே இருந்தார். துளஜாவின் தத்துப்பிள்ளையான சரபோஜியின் வளர்ப்பில் காட்டிய பரிவும், இளவரசரின் உரிமைக்காக எழுதிய மனுக்களும் மெய்யானவை. அந்தச் சரபோஜி 1798-இல் அரியணை ஏறி, அடுத்த ஆண்டே நாட்டின் ஆட்சியைக் கும்பினிக்கு எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று. அதைப் பார்க்கச் சுவார்ட்ஸ் இல்லை. 1798 பிப்ரவரி 13-இல் தஞ்சாவூரில் இறந்துவிட்டார். சரபோஜி லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் பளிங்கு நினைவுச்சின்னம் செய்வித்தார். கும்பினியும் சென்னைக் கோட்டை செயின்ட் மேரி ஆலயத்தில் ஒன்று வைத்தது.

பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் போகிறவர்கள் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பொள்ளிலூர்ப் போர் ஓவியத்தைத் தவறாமல் பார்க்கிறார்கள். அந்தப் போருக்கு முந்தைய ஆண்டு அதே ஊரில் சுவார்ட்ஸ் எழுதிய குறிப்புகளையும் அவர்கள் படிக்க வேண்டும். தமிழிலும் கன்னடத்திலும் அவற்றை விளக்கக் குறிப்புகளோடு மலிவு விலையில் கிடைக்கச் செய்வது பெங்களூரின் தமிழ் அமைப்புகள் மேற்கொள்ளத்தக்க வேலை.