வாய்க்காலில் ஓடிய வீடுகள்



பகாவ், செர்த்திங் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குப் 'பெனாரிக்கான்' என்ற பெயர் புதிதல்ல. மலாய் மொழியில் 'தாரிக்' என்றால் இழுப்பது. எதை இழுத்தார்கள்? படகை இழுத்தார்கள். ஜெம்போல் ஆறு மூவார் ஆற்றோடு சேர்ந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. செர்த்திங் ஆற்று நீரோ பகாங் ஆற்றோடு சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போகிறது. இந்த இரண்டு ஆறுகளும் ஜெம்போல் வட்டாரத்தில் மிக நெருங்கி வருகின்றன. நடுவிலுள்ள நிலத்தில் படகை இழுத்து அடுத்த ஆற்றில் இறக்கிவிட்டால், மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் போய்விடலாம். சாலையும் ரயிலும் வருமுன் நம் நெகிரி செம்பிலானில் ஆறுதான் பெருவழி. சிரம்பான் பக்கத்து ஈயம் லிங்கி ஆற்றில் படகேறித்தான் கடலுக்குப் போயிற்று. 1891-ஆம் ஆண்டு சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அந்தப் படகுகளுக்கு வேலை குறைந்தது.

ஆறு கொடுத்த வழியில் போவது ஒன்று. ஆறு இல்லாத இடத்தில் மண்ணை வெட்டி, நீரைத் தேக்கி, படகு விடுவது மற்றொன்று. அப்படி வெட்டிய கால்வாய்களில் வாழ்ந்தவர்களைப் பற்றித்தான் இன்று நாம் பேசப்போகிறோம்.

நம் முன்னோர் வந்த சென்னைச் சீமையில் அப்படி ஒரு கால்வாய் உண்டு. 1806-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை அதன் முதல் பகுதி வெட்டப்பட்டது. பிறகு வடக்கே ஆந்திரக் கரையிலுள்ள பெத்தகஞ்சம் வரையிலும், தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டது. நீளம் 400 கிலோமீட்டருக்கும் மேல். அதன் ஒரு பகுதியை வெட்டியவர்கள் பசித்த மக்கள். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் ஐந்து மைல் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக நடந்தது. 1877 தொடக்கத்தில் நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு நாள் கூலி, ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் ஓர் அணாவும். அதே பஞ்ச காலத்தில் இலங்கைக்கும் பினாங்குக்கும் கப்பலேறியவர்களும் உண்டு. ஒரே பசி சிலரைக் கால்வாய் வெட்ட அனுப்பியது. சிலரைக் கடல் தாண்ட அனுப்பியது. வேலை முடிந்ததும் கால்வாய்க்கு அன்றைய ஆளுநரின் பெயர் வைத்தார்கள். பக்கிங்காம் கால்வாய் என்று இன்றும் அது வழங்குகிறது.

அந்தக் கால்வாயில் உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய படகுகள் சென்னைக்கு வந்தன. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் கழி ஊன்றித் தள்ளுவார்கள், அல்லது கரையில் நடந்து கயிறு கட்டி இழுப்பார்கள். வழியில் ஆறுகள் குறுக்கிடும் இடங்களில் கடலின் ஏற்ற இறக்கத்தால் நீர்மட்டம் மாறும். அதற்காக இரட்டைக் கதவு மதகுகள் கட்டியிருந்தார்கள். படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, முன்பக்கத்து நீர்மட்டத்துக்குச் சமமாக நீரை ஏற்றியோ இறக்கியோ, பிறகு முன்கதவைத் திறப்பார்கள். அங்கே அவசரம் ஆகாது. நீர் சமமாகும் வரை கதவு திறக்காது.

மரப்படகை வைத்திருப்பது எளிதல்ல. உப்புநீரில் மரத்தைத் துளைக்கும் புழு உண்டு. வெளியே சிறு துளைதான் தெரியும். உள்ளே பலகை சல்லடையாகிவிடும். ஆகவே படகை அவ்வப்போது கரையேற்றி, அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டி, காயவைத்து, எண்ணெயோ தாரோ பூச வேண்டும். பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் நாரையோ பஞ்சையோ அடைத்துக் குங்கிலியம் பூசுவதற்குக் கலப்பற்று என்று பெயர். இந்நாட்டில் திரங்கானு படகுத் தச்சர்கள் இதே வேலைக்குக் 'கெலாம்' மரத்தின் பட்டையைப் பயன்படுத்தினார்கள். காயவைப்பதிலும் அளவு வேண்டும். வெகுநாள் கரையிலேயே கிடந்தால் பலகை சுருங்கி இடுக்கு விரியும். மீண்டும் நீரில் ஊறினால்தான் மரம் பருத்து இடுக்கு மூடும்.

எந்த மரப்படகிலும் சிறிது நீர் கசியத்தான் செய்யும். காலையில் எழுந்ததும் அதை இறைக்க வேண்டும். நல்ல படகோட்டி இறைப்பதோடு நிற்கமாட்டான். நேற்றைவிட இன்று நீர் கூடுதலாக இருக்கிறதா என்று பார்ப்பான். கூடியிருந்தால் அன்றைக்கே காரணத்தைத் தேடுவான்.

படகுக்கு வேண்டிய கவனிப்பு கால்வாய்க்கும் வேண்டும். மண் படிந்தால் தூர் வார வேண்டும். கரை சரிந்தால் கட்ட வேண்டும். ரயிலும் லாரியும் வந்தபின் அந்தக் கவனிப்புக் குறைந்தது. 1965, 1966-ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. சென்னை நகருக்குள் அது கழிவுநீர் ஓடையாயிற்று. இத்தனைக்குப் பிறகும், 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை வந்தபோது, கரையோரத்தின் சில பகுதிகளில் அலைநீரைத் தாங்கிக்கொண்டு ஊர்களுக்குச் சேதத்தைக் குறைத்தது அந்தக் கால்வாய்தான் என்கிறார்கள்.

இங்கிலாந்திலும் இப்படிக் கால்வாய்கள் உண்டு. அங்கே ஓடிய படகுகள் மிக ஒடுங்கியவை. அகலம் ஏழடி, நீளம் சுமார் எழுபது அடி. ரயிலின் போட்டியால் சரக்குக் கூலி குறைந்ததும், பல படகோட்டிகள் வீட்டு வாடகையும் ஆள்கூலியும் மிச்சமாகட்டும் என்று மனைவி மக்களைப் படகிலேயே குடியேற்றினார்கள். சரக்குக்குப் போக மீந்த அறை பத்தடிக்கு ஏழடிதான். நம் பழைய லயத்து அறையைவிடச் சிறியது. அதற்குள் அடுப்பு உண்டு. இறக்கினால் மேசையாகும் அலமாரிக் கதவு உண்டு. பகலில் மடித்து வைத்து இரவில் விரிக்கும் கட்டில் உண்டு. குடிநீர்க் குடத்துக்குப் பூ வண்ணம் தீட்டிக் கூரைமேல் வைத்திருப்பார்கள். பித்தளையைப் பளபளவென்று துலக்குவார்கள். கட்டியவளும் சுக்கான் பிடிப்பாள். பிள்ளை குதிரையை ஓட்டிக்கொண்டு கரையில் நடக்கும்.

நேயர்களே, இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். படகைக் கவனித்தார்கள். குதிரையைக் கவனித்தார்கள். அந்தப் பிள்ளையின் படிப்பை யார் கவனித்தது? இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர். எந்தப் பள்ளியில் சேர்ப்பது? பெரும்பாலோர் எழுத்தறியாமலே வளர்ந்தார்கள். ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இதை எடுத்துச் சொல்லிப் போராடியதால், 1877-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. சென்னையில் பஞ்சக் கூலிக்கு மண் வெட்டிய அதே ஆண்டு! ஒவ்வொரு குடியிருப்புப் படகையும் ஓர் ஊரில் பதிய வேண்டும். அந்த ஊரே அதிலுள்ள பிள்ளைகளின் கல்விக்கும் பொறுப்பு என்றது சட்டம். ஆனால் சட்டத்தால் மட்டும் எல்லாம் நடந்துவிடவில்லை. படகு ஓடிக்கொண்டே இருந்ததால் பல பிள்ளைகளுக்கு ஓர் ஊரில் சில நாள், மற்றோர் ஊரில் சில நாள் என்றே படிப்பு நடந்தது.

இன்று அந்தக் கால்வாய்களில் பெரும்பாலும் இரும்புப் படகுகள். உல்லாசமாய்ப் போகிறவர்களும் உண்டு, அதையே வீடாகக் கொண்டவர்களும் உண்டு. வேலை மட்டும் மாறவில்லை. தினமும் இஞ்சின் எண்ணெயைப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை படகைக் கரையேற்றி அடிப்பாகத்துக்குக் கருப்புத் தார் பூச வேண்டும். இல்லையேல் துரு தின்றுவிடும்.

நம்மிலும் தோட்டம் விட்டுத் தோட்டம் போகிறவர்கள் உண்டு. தோட்டம் கைமாறியதால் பட்டணத்துக்குப் போகிறவர்களும் உண்டு. நம் நாட்டில் ஆரம்பக் கல்வி 2003-ஆம் ஆண்டு முதல் கட்டாயம். ஆனாலும் வீடு மாறும்போது பானை சட்டியை முதலில் கட்டுகிறோம். பிள்ளையின் பள்ளி மாற்றத்தைப் பிறகு பார்க்கலாம் என்கிறோம். அந்தப் 'பிறகு' ஒரு மாதமாகிவிடுகிறது. பிறப்புப் பத்திரத்தையும் பள்ளித் தாள்களையும் ஒரே பெட்டியில் பத்திரமாக வையுங்கள். புறப்படுமுன் புதிய பள்ளியைக் கேட்டு வையுங்கள்.

கசிவு சிறியதாக இருக்கும்போதே அடைப்பதுதான் படகோட்டியின் பாடம். பிள்ளை பள்ளிக்குப் போகாத முதல் நாளும் ஒரு சிறு கசிவுதான். அதை அன்றைக்கே பார்ப்போம்.